விளிம்பில் வெட்டிய பெயர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் போய்ப் பாருங்கள். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், லாரிகள், ஓர் அரிசி மில், ஒரு கல்யாண மண்டபம் என்று வழியெல்லாம் என் பெயர் எழுதியிருக்கும். எல்லாம் நான் ஒருவனாக நின்று கட்டியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சின்னசேலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினவன் நான். கடன் கேட்டுப் போனபோது எந்த வாசலிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இன்றைக்கு அவர்கள் வீட்டுக் கல்யாணம் என் மண்டபத்தில்தான் நடக்கிறது. வெல்லத்தை ஒரு துண்டு உடைத்து முகர்ந்தாலே போதும், பளபளப்புக்காகப் பாகில் எவ்வளவு மருந்து போட்டான் என்று சொல்லிவிடுவேன். மண்டியில் யாரும் என்னை ஏமாற்றியது கிடையாது. அப்படிப்பட்ட என் கைக்கு நீலக் காகிதத்தில் சுற்றி ஒரு பதக்கம் வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

என் அக்காவின் கணவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். இளம் வயதில் பட்டாளத்துக்குப் போனவர். சண்டை நடந்த காலத்தில் எல்லையில் நின்றதற்காக அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் வெள்ளைச் சட்டையில் அதைக் குத்திக்கொண்டு போய், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுவார். ஊரில் அதற்கு வேறு ஆளே கிடையாது. ஒருமுறை சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பையைத் தொலைத்துவிட்டார். பதக்கம் அதற்குள் இருந்தது. அந்த வருஷம் கொடியேற்றக் கூப்பிட வந்த வாத்தியாரிடம் கால்வலி என்றார். அடுத்த வருஷமும் கால்வலி என்றார். அக்கா என்னிடம் வந்து, "தம்பி, அவரு சட்டையத் தடவித் தடவிப் பாத்துக்கினு கீறாருடா. கால்வலின்னு சொன்ன ஆளு அதே காலோட காட்டு வரைக்கும் நடந்துட்டு வராரு. நீ எதனா செய்யி" என்றாள்.

செய்கிறேன் என்றேன். உலகத்தில் விலைக்குக் கிடைக்காத பொருள் உண்டா? எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் போனிடம் பேசத் தெரியும். ரிப்பன் நிறத்தைச் சொல்லி "பட்டாளத்துப் பதக்கம்" என்று கேட்டேன். வரிசையாக வந்து நின்றது. ஒரே படம் போனுக்குள் நாலு கடையில் நாலு பெயரில் இருந்தது. நாலு பேரும் விற்கிறார்கள் என்றால் நல்ல சரக்குதான் என்று நினைத்தேன். இருப்பதிலேயே பளபளப்பானதைத் தேர்ந்தெடுத்தேன். அதை விற்றவன் போனில் கூப்பிட்டு, கடை வழியாகக் கட்ட வேண்டாம், நேராகத் தனக்கு அனுப்பினால் சீக்கிரம் வரும் என்றான். அனுப்பினேன். வெல்லம் பளீரென்று மஞ்சளாக இருந்தால் தூர வைக்கிறவன் நான். அதே கண்தான் பதக்கம் பளீரென்று இருந்ததும் மயங்கிப்போனது.

மாமா அதை வாங்கி நீலக் காகிதத்தைப் பிரித்தார். பதக்கத்தின் முகப்பைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து விளிம்பை மட்டும் உருட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது, பேரே இல்ல? சர்க்காரு குடுக்கிற மெடல்ல விளிம்புல நெம்பரும் பேரும் வெட்டியிருக்கும்டா. இது யாருக்கும் குடுக்காத மெடலு."

"ரிப்பன் அதே கலருதானே மாமா?"

"அதே கலர்ல கோமணங்கூட கெடைக்கும். குத்திக்கினு போவட்டுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்றவன் நம்பருக்கு அடித்தேன், அது அணைந்து கிடந்தது. கடைக்காரர்களிடம் முறையிட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று கையை விரித்துவிட்டார்கள்.

விடுகிற ஆளா நான்? இந்த முறை சேலத்தில் பழைய நாணயம் சேர்க்கிற ஒருவரிடம் கேட்டு, ரொம்ப நாளாக விற்று நல்ல பெயர் வாங்கிய ஒரு கடையைப் பிடித்தேன். விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், எடை கேட்டேன், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன். பணத்தைக் கடை வழியாகத்தான் கட்டினேன். விளிம்புப் படத்தில் எழுத்து இருந்தது. என்ன எழுத்து என்பதை எனக்கு யார் படித்துச் சொல்வது? வெட்டியிருக்க வேண்டும் என்று மாமா சொன்னார், வெட்டியிருக்கிறது. வந்த பதக்கமோ கறுத்து, மங்கிக் கிடந்தது. இப்படியே எப்படிக் கொடுப்பது என்று, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கிற என் மனைவியிடம் கொடுத்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, விளக்கு மாதிரியே ஆக்கிக் கொடுத்தாள்.

மாமா மறுபடியும் விளிம்பை உருட்டினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உருட்டினார். அப்புறம் மேல்துண்டை மடித்து அதன்மேல் மெதுவாக வைத்தார். "இது அசலுடா" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனா இது என்னுது இல்ல. இன்னொருத்தன் பேரு போட்டிருக்குது."

"உங்களுக்குத்தானே மாமா வாங்கினேன்?"

"நீ வாங்கினே. சம்பாதிச்சவன் அவன்."

அக்காவுக்குத் தாங்கவில்லை. "போட்டுக்கினு போங்களேன். கொடியேத்தற எடத்துல எவன் விளிம்பப் படிக்கப் போறான்?" என்றாள்.

"நான் படிச்சிட்டனே" என்றார் மாமா.

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம். பெயர் இல்லாதது போலி, அதனால் ஆகாது. பெயர் இருப்பது அசல், அதனால் ஆகாது. அப்படியானால் நான் எதைத்தான் வாங்கியிருக்க வேண்டும்? சரி, திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரரைக் கூப்பிட்டேன். தேய்த்துவிட்டீர்களா, ஐயோ என்றார். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பாம். தேய்த்ததை எடுக்க மாட்டாராம். அழுக்கோடு இருந்தால் மதிப்பு, கழுவினால் போச்சு என்கிற வியாபாரத்தை என் ஆயுசில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாமா பழைய பட்டாளத்துக் கூட்டாளிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். விளிம்பில் இருந்த நெம்பரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்டி, கடைசியில் வேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அந்த வீரரின் மகள் இருப்பது தெரிந்தது. அந்த வீரர் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமானோடு பதக்கமும் போய்விட்டதாம். அந்த அம்மா நேரில் வந்தார்கள். பதக்கத்தைக் கையில் வாங்கி விளிம்பை விரலால் தடவி, அப்பாவின் பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு மாமாவின் காலில் விழப் போனார்கள். மாமா பதறிப்போய் நகர்ந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு மாமா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். சட்டையில் ஒன்றும் இல்லை. எனக்குப் புரியவில்லை. "மாமா, மெடல்தான் இல்லியே?" என்று கேட்டேன். "என்னுதும் இப்ப எவன் கையிலயோதான் கீது மச்சான். அவனும் ஒருநாள் விளிம்பப் பாப்பான்" என்றார். கொடியேற்றிவிட்டு, தான் கண்ணால் கண்டிராத அந்த வேலூர்க்காரரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் எந்த வருஷமும் கால்வலி என்று சொல்லவில்லை. தொலைந்தது தொலைந்தபடியே இருக்க, மனுஷன் எப்படி எழுந்து நடந்தார்? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மாமா போய்விட்டார். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில், அடுத்தவர் பதக்கத்தை உரிய வீட்டில் சேர்த்த வீரர் என்று மாமாவின் கதையை எழுதப் போகிறார்களாம். எழுதட்டும், எனக்குச் சந்தோஷம்தான். என் பெயர் எங்கே என்று வாத்தியாரைக் கேட்டேன். "அய்யா, நீங்க ஏமாந்த கதையையா சொவுத்துல எழுதறது?" என்று சிரிக்கிறார். ஏமாந்தது முதல் பதக்கத்தில். இரண்டாவது அசல். அதைத் தேடிப் பிடித்து வாங்கியது நான். அதைத் தேய்த்து, திருப்பி அனுப்ப வழியில்லாமல் செய்ததும் என் வீட்டுப் புளிதான். நான் வாங்கியிருக்காவிட்டால் மாமா எதைக் கொடுத்திருப்பார், அந்த அம்மா எதைப் படித்திருப்பார்கள்? மாமாவின் பெயரைப் பெரிதாகவே எழுதுங்கள். அதற்குக் கீழே என் பெயரும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாமல் வாங்கியவன் என்று போட்டாலும் சம்மதம். ஆனால் வாங்கியவன் நான் என்று போட்டே ஆக வேண்டும்.