கால் வட்டம்

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற அவளுக்கு அக்கம்பக்கத்தில் 'லைட்ட அணை' என்று பெயர். தொலைநோக்கியோடு மொட்டை மாடிக்கு ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு கதவையும் தட்டி அதைத்தான் சொல்வாள்.

அந்த வருடம் முழுக்க வானத்தின் ஒரே மூலையைத்தான் படம் எடுத்தாள். கேலக்ஸிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம். அவளுக்கு வேண்டியது கேலக்ஸிகள் அல்ல, அவற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளி. கேலக்ஸிகள் ஒன்றையொன்று உரசியதில் பிய்ந்துபோன நட்சத்திரங்கள் எதிலும் சேராமல் அங்கே அலைகின்றன. அவற்றின் வெளிச்சம் இருட்டைவிட ஒரு நூல்தான் கூடுதல். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவேளை தெரியலாம்.

தெரிந்தது. கணவரின் தையல் கடைப் பின்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

கழுத்தில் டேப்போடு வந்தவர் உற்றுப் பார்த்தார். "ஈரத்துணியால தொடைச்ச மாதிரி இருக்கு."

"அதேதான்!"

வானப் படக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் பாராட்டு குவிந்தது. வேறு ஊரில் பஸ் ஓட்டும் ஒருவர் மட்டும் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க. தொலைநோக்கியையும் கேமராவையும் சேர்த்துக் கால் வட்டம் திருப்பி வச்சு, மறுபடி எடுங்க. வானத்துல இருக்கறது கேலக்ஸியோட நிக்கும். தொலைநோக்கிக் குழாய்க்குள்ள சிதறுற வெளிச்சம்னா கூடவே திரும்பிடும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

"அவர் சொன்னது சரியா இருந்துட்டா?" என்றார் கணவர்.

"அதனாலதானே கோபம்."

நிலா இல்லாத நாட்கள் வந்ததும் திருப்பி வைத்து எடுத்தாள். அவள் பெருமைப்பட்ட அந்தப் பெரிய மங்கல் குழாயோடு சேர்ந்து திரும்பியிருந்தது. படத்தை மூடப் போனவள், இரண்டு பெரிய கேலக்ஸிகளுக்கு நடுவே மெல்லிய கீற்று ஒன்றைப் பார்த்தாள். பழைய படத்தைத் தேடித் திறந்தாள். அதிலும் அது அதே இடத்தில்தான் இருந்தது, அவள்தான் கவனிக்கவில்லை.

'முன்பு போட்டது தப்பு, குழாய்க்குள் சிதறிய வெளிச்சம்' என்று குழுவில் எழுதினாள். கீற்றையும் போட்டாள். இந்த முறை பாராட்ட ஆளில்லை. பஸ்காரர் மட்டும் அந்த இடத்தைத் தானும் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

அடுத்த மாதம், ஒரு நோயாளியின் வாயில் எக்ஸ்ரே அட்டையை வைத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்காரரின் போன் வந்தது.

"எனக்கும் தெரியுதுங்க. அதே இடம், அதே சாய்வு. நீங்க சொல்லலைன்னா தாண்டிப் போயிருப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். நோயாளி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "நான் வாயை மூடிக்கலாமா?"