வராந்தாவில் ஓர் அதிபர்

அஞ்சல் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் நேர்முக வகுப்பு இருக்கும். மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகள் இரண்டையும் கணவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அவருக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கடையில் இருக்க வேண்டும். எனக்கு வகுப்பு முடிவதோ ஐந்து மணிக்கு. பஸ் கிடைத்து நான் வீட்டு வாசலில் கால் வைக்க ஆறரையாகிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பார். நான் வந்ததும் வண்டியை ஒரு உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவார்.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் கடலூர்க்காரர்கள். எல்லோரும் வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள். பாடம் எடுத்த மேடத்துக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அமெரிக்க அரசியலமைப்புப் பாடம் தொடங்கிய அன்று, "காங்கிரஸ்" என்று அவர் கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையில் ஒருவர், "கட்சிப் பேரு எதுக்கு மேடம் இங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர் என்று மேடம் விளக்கினார். அதற்குள் இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்றபடி இடம். செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாவற்றுக்கும் இரண்டே பேர். அதிபர் இந்த இரண்டிலும் உறுப்பினர் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கொட்டாவி விட்டதைப் பார்த்து மேடம் புத்தகத்தை மூடிவிட்டார். "படிச்சா ஏறாது. நடத்திப் பாக்கலாம்" என்றார்.

எங்கள் ஊர்களே மாநிலங்களாயின. கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில், சீர்காழி. ஊருக்கு இரண்டு பேர் செனட்டர்கள், அவர்களுக்குப் பக்கத்து அறை. மீதிப் பேர் வகுப்பிலேயே பிரதிநிதிகள் சபை. அதிபர் தேர்தலில் கடலூர் பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரு ஏ.டி.எம்.மில் காவல் வேலை பார்த்துவந்த அண்ணன் ஒருவர் துணை அதிபரானார். வாராவாரம் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற மனிதர்.

"அப்ப நான் எங்க மேடம் உக்காரணும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு உள்ள இடம் இல்ல. நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி சபைக்குள்ள உக்காந்து பேச முடியாது. வெளிய வராந்தாவுல நாற்காலி போட்டுக்குங்க. மசோதா உங்ககிட்ட வரும்."

அப்படித்தான் நான் வேப்பமரத்தைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஒரு சபையின் சத்தம், இன்னொரு பக்கம் இன்னொரு சபையின் சத்தம். உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்கக் கூடாது. ஆட்சி என் கையில் என்றார்கள், எனக்கோ வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையின் நினைப்பு.

அடுத்த வாரம் காலையிலேயே வந்த முதல் மசோதா எங்கள் வயிற்றெரிச்சலில் பிறந்தது. வகுப்பைப் பத்து மணிக்குப் பதில் ஒன்பதுக்கே தொடங்கி நான்கு மணிக்கு முடிக்க வேண்டும் என்று கடலூர்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் ஆரவாரமாக நிறைவேறியது. செனட்டில் சரிபாதியாக நின்றது. கடலூரும் பண்ருட்டியும் வேண்டும் என்றன, காட்டுமன்னார்கோயிலும் சீர்காழியும் வேண்டாம் என்றன, விருத்தாசலத்துக்காரர் இருவரும் ஆளுக்கொரு பக்கம். செனட்டுக்குத் தலைமை வகிப்பவர் துணை அதிபர். சமமாக நிற்கும்போது மட்டும் அவருக்கு ஓட்டு உண்டு. அண்ணன் எழுந்து நின்று, "ஆதரவு!" என்று அணிவகுப்பில் கத்துவது போலக் கத்தினாராம். வராந்தாவரை கேட்டது.

காகிதத்தை அவரே கொண்டுவந்து நீட்டினார். "போடும்மா கையெழுத்து. மேடம் இத இந்தப் படிப்பு மையப் பொறுப்பாளர்கிட்ட நெசமாவே எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நாலு மணிக்கே பஸ் ஏறிடலாம்."

எனக்குக் கை பரபரத்தது. கணவர் கேட்டருகே நிற்கும் கோலம் கண்முன் வந்தது. ஆனால் அதிபர் யோசிக்கப் பத்து நாள் உண்டு, ஞாயிறு அதில் சேராது என்று மேடம் சொல்லியிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

கைகழுவும் இடத்தில் காட்டுமன்னார்கோயில் செனட்டர் நின்றிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அதற்கும் தள்ளி ஏதோ கிராமம். வாராவாரம் பத்து மணிக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க உட்காருவாள்.

"நீ ஏன் வேணான்னு சொன்ன?" என்றேன்.

"எங்க ஊருக்குக் காலைல ஒரே பஸ்ஸுதான்க்கா. எட்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி பால் கறந்து சொசைட்டில ஊத்தணும். இந்த பஸ்ஸப் புடிச்சாலே பத்தாயிடுது."

"ஒம்போதுன்னு ஆயிட்டா?"

"அப்புறம் இன்னாக்கா, நான் நின்னுடுவேன்" என்றாள். கோபமே இல்லை. டிபன் பாக்ஸைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றபோது, நானும் இப்படித்தான் "நின்னுடுறேன்" என்று சொன்னேன்.

வராந்தாவுக்குப் போய் அந்தக் காகிதத்தின் பின்புறம் எழுதினேன். அதிபர் மறுத்தால் வெறுமனே மறுக்க முடியாது. காரணத்தை எழுதி, மசோதா எந்தச் சபையில் பிறந்ததோ அந்தச் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். "இந்தச் சட்டம் பலருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. சிலருக்குப் படிப்பையே இல்லாமல் செய்கிறது. ஆகவே ஒப்புதல் தர இயலவில்லை." என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு "முடியாது" என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே ஒரே கூச்சல். "நம்ம ஊர்க்காரம்மாவே நம்ம காலை வாரிட்டாங்க!" என்றது ஒரு குரல். இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் அதிபர் மறுத்தாலும் அது சட்டம்தான் என்று மேடம் நினைவூட்டினார். பிரதிநிதிகள் சபையில் அந்த ஓட்டு விழுந்தே விட்டது. செனட்டில் பாதியைத் தாண்டவில்லை. துணை அதிபரின் ஓட்டுக்கு அங்கே வேலையும் இல்லை. மசோதா செத்தது.

அன்று பஸ்ஸில் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீயே வேணான்னு எழுதினியா?"

"ஆமாங்க."

"நான் லேட்டுக்கு ஓனர்கிட்ட திட்டு வாங்குறது தெரியுமில்ல?"

"தெரியும். அதான் கஷ்டமா இருந்துச்சு."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு குறைவு.

அடுத்த ஞாயிறு செனட்டிலிருந்து ஒரு மசோதா பிறந்தது. கொண்டுவந்தவள் அந்தக் காட்டுமன்னார்கோயில்காரி. பத்து மணிக்கே வகுப்பு தொடங்கட்டும். சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கி, மூன்று மணி டீ இடைவேளையை எடுத்துவிட்டால் நாலே காலுக்கு முடித்துவிடலாம். "மத்தவங்களுக்கும் வூடு வாசல் இருக்கில்ல, அதான் யோசிச்சேன்" என்றாளாம் சபையில். பிரதிநிதிகள் சபையில் டீப் பிரியர்கள் கொஞ்சம் முனகினார்கள். வகுப்புக்கே பிளாஸ்கில் டீ கொண்டுவரலாம் என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். திருத்தம் சேர்ந்ததால் அது திரும்பவும் செனட்டுக்குப் போய், அதே வாசகத்தில் நிறைவேறிய பிறகுதான் என் நாற்காலிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். அண்ணன்தான் முதலில் கைதட்டினார்.

மேடம் போய்ச் சொல்ல, சில வாரம் நடத்திப் பார்க்கப் பொறுப்பாளர் சம்மதித்தார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சட்டம் போட்டது அவர்கள், நடத்த வேண்டியவள் நான். சாப்பாட்டுக்கு விட்டு அரை மணி ஆனதும் எட்டிப் பார்த்தால் ஆண்கள் பாதிப் பேர் வாசல் டீக்கடையில் நிற்கிறார்கள். கூப்பிட்டால், "தோ வரேம்மா" என்கிறார்கள். மேடம் சிரித்தார். "அதிபர் தனியா ஓட முடியாது. பொறுப்புக்கு ஆள் நியமிங்க. ஆனா செனட் சம்மதிக்கணும்."

டீக்கடையிலிருந்து எப்போதும் கடைசியாக வருகிற பண்ருட்டிக்காரரையே நேரத்துக்கான செயலாளராக முன்மொழிந்தேன். செனட்டில் அவரை நிற்கவைத்து, "ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிப்பீங்க?" என்று விசாரித்தார்களாம். சிரித்துச் சிரித்து ஒப்புதல் தந்தார்கள். அந்த மனிதர் விசில் ஒன்று வாங்கிவந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் தாமதிக்கவில்லை. சில வாரம் பார்த்துவிட்டுப் பொறுப்பாளரும் புது நேரத்தையே நிரந்தரமாக்கினார்.

ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தேன். கணவர் சட்டைப் பித்தானைப் போட்டபடி, "அந்தப் பால்காரப் பொண்ணு வருதா இன்னும்?" என்று கேட்டார். வருகிறாள் என்றேன். "பரவால்ல" என்றார்.

அவளும் நானும் எல்லாத் தாளிலும் தேறிவிட்டோம். இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறோம். அவளை ஊர்ப் பால் சங்க நிர்வாகக் குழுவுக்கு நிற்கச் சொல்கிறார்களாம், நிற்கப்போகிறாள். அதிபராக இருந்தவள் வந்து பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

போன வாரம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த ஊர்ல அதிபரே தப்பு பண்ணிட்டா? யாரு கேப்பா?"

"பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டலாம். செனட் விசாரிக்கும். அங்க மூணுல ரெண்டு பங்கு பேர் குற்றம்னு சொன்னா பதவி போயிடும்."

"அடேங்கப்பா. அப்ப பெரிய நீதிபதி இன்னா பண்ணுவாரு?"

"அந்த விசாரணைக்கு அவருதான் தலைமை."

"சரி சரி, கருகுது பாரு" என்று தோசையைக் காட்டினார். ஆனால் அவர் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.