சேலையோடு சேர்ந்த லேஸ்

அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். அண்ணனும் நானும் கைக்குழந்தையாக உடுத்த அதே நீள வெள்ளை உடுப்பைத்தான் அவளுக்கும் போட வேண்டும் என்று அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, சொல்லிவிட்டாள். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்விளிம்பு லேஸ் மட்டும் தொட்டாலே உதிர்ந்தது. வீட்டில் தையல் தெரிந்தவள் நான்தான்.

தக்கலையில் புது லேஸ் வாங்கினேன். இதற்கு மிஷின் ஆகாது. லேஸின் மேலோரத்தில் ஓடும் நூலை இழுத்தால் அது அழகாகச் சுருங்கும். துணியின் விளிம்பை விரலால் சுருட்டி, லேஸை அதோடு சேர்த்துப் பொடித் தையலாகக் கையால் தைக்க வேண்டும். முக்கால்வாசி முடிந்தபோது கோயிலுக்குப் போக வேன் வந்துவிட்டது. பிள்ளைக்கு உடுப்பைப் போட்டு என் மடியில் கிடத்தினார்கள். உடுப்பு அவள் காலைத் தாண்டி ஒரு முழம் தொங்கியதால் ஊசி அவளைத் தொட வழியில்லை. மீதியை வழியிலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

கோயில் வாசலில் மைனியின் அக்கா வந்து பிள்ளையைத் தூக்கினாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் அவள்தான். பிள்ளையோடு என் சேலையும் எழும்பியது.

"விடுட்டி பிள்ளைய."

"நான் எங்க பிடிச்சேன்? சேலையோட சேத்துத் தச்சிருக்கேன்."

கத்தரி வீட்டில் இருந்தது. பிடித்து இழுத்தால் பழைய துணி கிழியும். கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து நூலைச் சுட்டுவிடலாம் என்றார். நான் கட்டியிருந்தது சிந்தெடிக் சேலை. வேண்டாம் என்று கும்பிட்டேன். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டிய சாமியார் அதற்குள் உள்ளே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் சேர்ந்தே நடந்தோம். அக்கா நல்ல உயரம், நான் குட்டை. அவள் நிமிர்ந்தால் என் கொசுவம் முழங்கால் வரை ஏறும் என்பதால், பாவம், முழங்காலை மடக்கிக்கொண்டே பீடம் வரை வந்தாள். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேர் ஒரு பானையைத் திருடிக்கொண்டு போவதுபோல இருந்திருக்கும்.

ஞானத்தாய் யார் என்று சாமியார் கேட்டார். அக்கா தான்தான் என்றாள்.

"அப்ப இவங்க?"

"பிள்ளைக்க அத்தை, சாமி. உடுப்போட சேந்தது," என்றாள் அக்கா.

அவர் குனிந்து லேஸைப் பார்த்தார். பிறகு சடங்குப்படி, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்டார். நானும் விட்டுவிடுகிறேன் என்றேன். தலையில் தண்ணீர் விழுந்தபோதும் பிள்ளை அழவில்லை. மஸ்கட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மட்டும், அக்காவுக்குக் காலில் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்தேன். தையல் அவ்வளவு பொடியாக இருந்ததால் நூல் எது துணி எது என்று தெரியவில்லை. கடைசியில் சேலையைத்தான் வெட்டினேன். உடுப்பின் உள்பக்கம் உள்ளங்கையளவு பச்சைச் சேலை இன்றும் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் முட்டத்திலிருந்து, அன்று கோயிலில் எங்களைப் பார்த்த மைனியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். தன் மகனுக்கு ஞானஸ்நானமாம், உடுப்பு வேண்டுமாம். கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதோடு அவள் ஒரு சந்தேகமும் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு அக்கா உண்டு. ரெண்டு பேரையும் சேத்துத் தைக்கணுமா, மூத்தவ மட்டும் போதுமா?"

மூத்தவள் போதும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.