குட்டியின் சாப்பாட்டுக்கு எட்டு வரி

சுனாமி வந்து நாலு மாதம் கழித்து, சிறுபோக விதைப்புக் காலத்தில், எனக்கென்று ஒரு நாய்க்குட்டி வந்தது. என்னுடையது என்று நான் நினைத்தேன். வாப்பா அப்படித்தான் சொன்னார்.

எங்கள் வயல் சவளக்கடையில் இருந்தது. கடலோரத்து வீடு போன பிறகு எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அதுதான். நாங்கள் மருதமுனையில் பிரதான வீதிக்கு மேற்கே, சொந்தக்காரர் ஒருவர் தந்த இரண்டு அறைகளில் குடியிருந்தோம். வயலில் பன்றித் தொல்லை, களவுத் தொல்லை. அங்குள்ள குடிசையில், நாங்கள் வாடி என்று சொல்லும் இடத்தில், காவலுக்கு இருந்தவர் சவளக்கடைத் தமிழர். அவருடைய நாய் நாலு குட்டி போட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் வயலுக்குப் போனபோது, மண்ணிறக் குட்டி ஒன்று என் செருப்பைக் கடித்து இழுத்தது. எனக்கு அது வேண்டும் என்றேன்.

"வீட்டுக்குள்ள வேணா," என்றார் வாப்பா. "வயலுக்குக் காவலெண்டா குத்தமில்ல. வாடியில நிக்கட்டும். ஆனா ஒரு கதை. அறுவடைக்குள்ள இது நிண்டு குரைக்கிற நாயா வரணும். வரல்லயெண்டா திருப்பிக் குடுத்திருவன். நீ வளத்துக் காட்டு, நாய் ஒனக்கு."

நான் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது ஒப்பந்தம்.

அப்போது கல்முனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் தள அலுவலகத்தில் எனக்கு வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் பொருள்களை மதிப்பிடப் படித்திருந்தேன். ஒரு வீட்டுக்கு எத்தனை மூடை சீமெந்து, எந்தக் கம்பி, எந்த மணலில் உப்பு இருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் நாள். குட்டியின் சாப்பாட்டையும் அந்த முறையிலேயே தொடங்கினேன். கொப்பியில் நாலு கோடு இழுத்தேன். தரம் என்ன, விலை என்ன, தினமும் கிடைக்குமா, மருதமுனையிலிருந்து வெயிலில் வாடிக்குப் போகுமட்டும் கெடாமல் இருக்குமா.

முதலில் பார்த்தது பக்கற்றில் வரும் நாய் உணவு. கல்முனையில் ஒரேயொரு கடையில் இருந்தது. பக்கற்றில் சிரிக்கிற நாயின் படம். பின்பக்கம் திருப்பினால், திகதி போட்ட சின்னத் தாளுக்கு மேலே இன்னொரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தேன். கடைக்காரர், "தங்கச்சி, நாய்க்கு வாசிக்கத் தெரியாது," என்றார். பக்கற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது நிவாரணப் பால்மா. வீட்டில் நாலு பெட்டி கிடந்தது. குழந்தை என்றால் பால் என்று நினைத்தது என் முட்டாள்தனம். மூன்றாம் நாள் காவற்காரர் சொல்லியனுப்பினார், குட்டி தண்ணியாகப் போகிறது, எழும்ப ஏலாமல் கிடக்கிறது என்று. அன்று வேலையில் ஒரு கூட்டலும் சரியாக வரவில்லை. அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போய் நின்றேன். பாலை நிறுத்து, பூச்சி மருந்து கொடு, குறுணல் அரிசிக் கஞ்சியில் தொடங்கு, அவித்த எலும்பு மட்டும் கொடுக்காதே என்றார். எல்லாவற்றையும் அவருடைய மேசையில் வைத்தே எழுதிக்கொண்டேன். குட்டி பிழைத்தது.

பிறகு கோழிக்கடை. ஈரலும் அதற்குப் பக்கத்தில் கிடக்கும் சில்லறைத் துண்டுகளும் மலிவாகக் கிடைத்தன. வீட்டில் காக்காவுக்கு, என் அண்ணனுக்கு, அது பெரிய பகிடி.

"உம்மா, இவ நாய்க்கு ஈரல் வாங்குறா. எனக்கு எப்ப கடைசியா ஈரல் வெச்ச?"

"நீயும் வயல்ல போய்க் குரைச்சா வெக்கிறன்," என்றா உம்மா.

தினமும் கிடைக்கக்கூடிய நல்ல உணவு என்று என் கொப்பியில் மிஞ்சியது மீன். அதில்தான் சிக்கல் இருந்தது. அந்த வருஷம் எங்கள் கரையில் பாதிப் பேர் கடல் மீன் தின்னவில்லை. கடல் ஆட்களைக் கொண்டுபோனது, அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்று எல்லா வீட்டிலும் ஒரே கதை. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் மையித், அவவின் உடல், கிடைக்கவே இல்லை. அந்த நாளிலிருந்து கடல் மீன் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எல்லாரும் குளத்து மீனுக்கு ஓடியதால் அதன் விலை ஏறிவிட்டது. சூடை என்ற சின்னக் கடல் மீன் மட்டும் சந்தியில் வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

தரம்: நல்லது. விலை: மலிவு. தினமும்: கிடைக்கும். வெயிலில்: காலையிலேயே அனுப்பினால் கெடாது. எழுதிவிட்டு நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாச்சியின் முகம் வந்தது. பிறகு குட்டியின் விலா எலும்பு வந்தது. மீனை வீட்டுக்குக் கொண்டுவராமல் சந்தியிலிருந்து நேரே வாடிக்கு அனுப்புவது, அங்கே காவற்காரர் உப்பு, மிளகாய் போடாமல் அவித்து, முள்ளை நசுக்கிக் குறுணல் சோற்றில் பிசைந்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர் முதல் நாள் என்னை நம்பாமல் பார்த்தார்.

"சூடையா மகள்? மெய்யாவா? உங்கட வீட்டிலயும் தொடங்கிட்டீங்களா?"

"நாய்க்குட்டிக்கு, காக்கா," என்றேன். வயதில் மூத்த ஆண்களையும் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் மீனை அள்ளியபடியே தலையை ஆட்டினார். "அதுகளாவது கடலோட கோவிக்காம இரிக்கிதுகள்."

காலையில் நான் சூடையையும் ஈரலையும் வாங்கி ஒரு பையில் போட்டு என் காக்காவிடம் கொடுப்பேன். அவர் மோட்டார் சைக்கிளில் கிட்டங்கி ஆற்றைக் கடந்து வாடியில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமைகளில் நானும் பின்னால் ஏறிப் போவேன். குட்டிக்கு ஒரு பழைய எனாமல் கோப்பை இருந்தது. அதன் விளிம்பில் கரண்டியால் மூன்று தரம் தட்டினால், எந்த வரப்பில் நின்றாலும் ஓடி வரும். தட்டாவிட்டால் சோற்றை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். அதைப் பழக்கியது நான்தான். அது கையை நக்கிவிடும். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவுவது எங்கள் மார்க்கம்; நான் வாய்க்காலில் இறங்கி மண் போட்டு ஒரு தரம், தண்ணீரில் ஆறு தரம் கழுவுவேன். காவற்காரர் கரையில் இருந்து எண்ணுவார். "தங்கச்சி, இது அஞ்சுதான். இன்னும் ரெண்டு கிடக்கு."

ஒவ்வொரு வெள்ளியும் அதை உரப்பையில் இருத்தி, நெல் நிறுக்கும் தராசில் தூக்கி நிறை பார்ப்பேன். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, பெருநாளைக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைபோல ஆடாமல் இருக்கும். நிறை கூடிக்கொண்டே வந்தது. கதிர் முற்றும்போது அதன் நெஞ்சு அகன்றுவிட்டது, மயிர் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. ஒரு விடியற்காலை பன்றி ஒன்றை வாய்க்கால்வரை விரட்டியதாம். வாப்பாவே வந்து சொன்னார். "மாஷா அல்லாஹ். நல்லா வந்திரிக்கி."

கொப்பியில் அந்த வாரத்து நிறைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டேன்.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது காக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் அப்படி வந்து நிற்பது குறைவு.

"புள்ள, அந்த நாய்ச் சாப்பாட்டு லிஸ்ட ஒருக்கா வடிவா எழுதித் தாவன். ஒவ்வொரு நாளும் காவற்காரருக்குச் சொல்லி என்ட வாய் நோகுது."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதே."

"அவர்ட மகள் வாசிச்சுக் காட்டுவா. புதுசா ஒராள் பாத்தாலும் வெளங்கணும், அப்படி எழுது."

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நாலு மாதம் பகிடி பண்ணியவர் என் வேலையைக் கடைசியில் மதித்துவிட்டார் என்று நினைத்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எட்டு வரி எழுதினேன். குறுணல் எவ்வளவு, சூடை எவ்வளவு, ஈரல் கிழமைக்கு எத்தனை நாள், பூசணிக்காய் எப்போது, முட்டை எப்போது, பால் கூடாது, அவித்த எலும்பு கூடாது, பூச்சி மருந்து அடுத்தது எப்போது. தட்டுகிற விஷயத்தை எழுதவில்லை. காவற்காரருக்கு அது தெரியும்தானே.

அந்த வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ பழுது என்றார் காக்கா. நான் வயலுக்குப் போகவில்லை. ஆனால் வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று பையை மட்டும் தினமும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய், எங்கள் தளத்தின் ஒப்பந்தக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று நாலு மணித்தியாலத் தூரத்தில் மலைப் பக்கத்து ஊர்க்காரர். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். வழக்கமாக என் மேசைக்குக் கிட்ட வரமாட்டார். நான் இரண்டு தரம் அவருடைய உப்பு மணலைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அன்று சிரித்துக்கொண்டே வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.

"மிஸ், இது உங்க கையெழுத்துத்தானே? உங்க அண்ணன் சொன்னாரு, தங்கச்சி வளர்த்த நாய்னு. ஆத்து மணல் பார்க்க வந்தப்ப நான் உங்க வயல்ல பார்த்து ஆசையா கேட்டேன், மறுபேச்சே பேசாம தந்துட்டாரு. தங்கமான ஆளு."

நான் தாளைப் பார்த்தேன். அடிமட்டக் கோடுகள் நேராக இருந்தன.

"ஆனா ஒரு பிரச்சினை மிஸ். நாலு நாளாச்சு, ஒழுங்கா தின்ன மாட்டேங்குது. நீங்க எழுதின மாதிரியேதான் வைக்கிறோம். சூடை எங்க ஊருல கிடைக்காது, வேற மீனு வைக்கிறோம். அதனாலயா?"

என் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. தெரியாது என்று சொல்லலாம். நாய் மெலியும், சலித்துப்போய் அவர் திருப்பித் தரவும் கூடும். அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் நாலு நாளாக அது சோற்றை மணந்து பார்த்துவிட்டு விலகிப்போய், யாராவது தட்டுவார்கள் என்று காது கொடுத்து நிற்பது எனக்குத் தெரிந்தது. பால்மா கொடுத்துப் படுத்துக் கிடந்த குட்டியை ஒருமுறை பார்த்தவள் நான்.

"மீன் பிரச்சினையில்ல," என்றேன். பேனையை எடுத்து எட்டாவது வரிக்குக் கீழே எழுதினேன். 9. கோப்பையின் விளிம்பில் கரண்டியால் மூன்று தரம் தட்ட வேண்டும்.

தாளை மடித்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் காக்காவிடம் கேட்டேன். "இந்த நாலு நாளும் நான் தந்த சூடை எங்க போச்சு?"

அவர் உம்மாவைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

"மணல் ஏத்துற வேல எனக்குத் தாறன் எண்டிரிக்காரு புள்ள. ஒரு நாய்தானே. காவற்காரர்ட நாய் திருப்பியும் குட்டி போடும்."

"நாய் ஒனக்கு எண்டு சொன்னீங்களே, வாப்பா."

"சொன்னன்தான்," என்றார் வாப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். "நீ நல்லா வளத்தபடியாத்தான் அவர் கேட்டாரு, மகள். மெலிஞ்ச நாய ஆரு கேப்பா?"

தரம் பார்த்து, விலை பார்த்து, நாலு மாதம் நான் செய்ததெல்லாம் யாரும் ஆசைப்படக்கூடிய ஒரு நாயை ஆயத்தப்படுத்தியதுதான். அதற்கான குறிப்பையும் நானே அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

உம்மா மெல்லச் சொன்னா, "அப்ப நாளைக்கு அந்த ஈரல வீட்டுக்குக் கொண்டா. காக்கா கேட்டுக்கொண்டே இரிக்கான்." நான் கொண்டுவரவில்லை.

அடுத்த கிழமை ஒப்பந்தக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கத்திச் சொன்னார்.

"மிஸ், தட்டினதும் பறந்து வந்துச்சு! கோப்பையை நக்கியே முடிச்சிருச்சு. இப்ப என் சம்சாரம் தட்டினாலும் வருது!"

நல்லது என்றேன். மெய்யாகவே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. காக்காவோ வாப்பாவோ செய்ததைவிட அது சின்னது, ஆனால் அதுதான் இன்றுவரை போகவில்லை. தட்டுவது யாருடைய கை என்று அது ஒருநாளாவது பார்த்திருக்கலாம்.

பின்னேரம் சந்தியில் இறங்கியபோது மீன் சைக்கிள் நின்றது. வழக்கம்போல அவர் பெட்டியின் மூடியைத் திறந்து, சூடை இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"நல்ல புதுசு மகள். குட்டிக்கு எவ்வளவு?"

"இனி வேணாம் காக்கா," என்றேன்.

"ஏன், அதுவும் கடலோட கோவிச்சிட்டா?"

"இல்ல. அது நல்லாத் தின்னுதாம்," என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்தேன்.