மூன்று மில்லி கூடுதல்

மாறன் கை வைத்தால் முடியளவும் பிசகாது என்று காரைக்காலில் லேத் வேலை தெரிந்த எவரும் சொல்வார்கள். நெடுங்காட்டில் நெல் விவசாயம் செய்த குடும்பம். இவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பட்டினச்சேரி விசைப்படகுகளின் ஷாஃப்ட் முதல் மோட்டார் பம்பு புஷ் வரை அவன் பட்டறைக்குத்தான் வரும். அளந்து முடித்ததும் "சரியா இருக்கும், எடுத்துட்டுப் போங்க" என்பான். அந்த மிதப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன வருடம் பழைய அம்பாசடர் ஒன்று வாங்கினான். அதன் பின் சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடந்ததை அவனால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அலுமினியத்தில் பத்து மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டு வட்டத் தகடு கடைந்து, டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசராக வைத்து மாட்டினான். சக்கரம் வெளியே வந்து நின்றதும் வண்டிக்கே தனிக் களை வந்துவிட்டது. அதைப் பார்த்து மயங்கிய திருமலைராயன்பட்டினத்து அப்ரார், தன் அம்பாசடருக்கும் வேண்டும் என்று வந்து நின்றான்.

"இன்னும் மூணு மில்லி கூட்டிப் போடுங்கண்ணே. மட்கார்டு விளிம்போட வந்து நிக்கணும்."

மூன்று மில்லி என்ன பெரிய விஷயம்! கடைந்து, ஏர் கன்னால் நட்டுகளை முடுக்கி, நட்டுகளை மூடும் பளபளப்பான வீல் கப்பைத் தட்டி மாட்டி அனுப்பினான். அது நடந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று காலை மாறன் வண்டியின் பின் டயர் பஞ்சர். கரண்ட் இல்லாததால் ஏர் கன் ஓடாது. ஸ்பேனரைப் போட்டுக் கையால் கழற்றினான். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. நட்டு கையோடு வந்துவிட்டது. எட்டு ஒன்பது சுற்றாவது வர வேண்டும். அட பாவி மனுஷா, தகட்டை அத்தனை தடவை அளந்தாயே, அது போய் உட்காரும் போல்ட்டின் நீளத்தை ஒரு தடவை பார்த்தாயா? போல்ட்டின் நீளத்தைத் தகடு தின்றது போக, தன் வண்டியிலேயே நட்டு நான்கு சுற்றுதான் பிடிக்கிறது. அப்ரார் வண்டியில் இன்னும் மூன்று மில்லி கனம். மிச்சம் இருப்பது ஒன்றரைச் சுற்று.

அப்ரார் இன்று குடும்பத்தோடு மயிலாடுதுறைக்குக் கல்யாணத்துக்குப் போகிறான். நேற்றுதான் சொன்னான்.

அப்ராருக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் அப்ரார் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் எடுத்தாள்.

"அவங்க ஓட்டுறாங்கண்ணே. என்ன சொல்லணும்?"

"வண்டிய நிறுத்தச் சொல்லும்மா! இப்பவே, ஓரமா!"

"ஏண்ணே? பின்னாடி டக்கு டக்குனு சத்தம் வருதுன்னு பாட்ட கூட்டி வச்சுக்கிட்டு..."

"நிறுத்தச் சொல்லு தாயி!"

மண்டபத்தூர் திருப்பத்தில் ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்தார்கள். மாறன் பைக்கைப் போட்டது போட்டபடி ஓடி, இடது பின் சக்கரத்தின் வீல் கப்பை நெம்பினான். உள்ளேயிருந்து மூன்று நட்டுகள் கலகலவென்று தார் ரோட்டில் கொட்டின. நான்காவது போல்ட் ஒடிந்திருந்தது. ஐந்தாவது நட்டை விரலால் தொட்டான். அது சுழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவுதான், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேறொன்றும் இல்லை.

அப்ரார் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உசிரக் காப்பாத்திட்டீங்கண்ணே!" டீக்கடையில் இருந்தவர்களும் கூடிவிட்டார்கள். புண்ணியவான் என்றார் ஒருவர். வாயை மூடிக்கொண்டு ஒரு டீ குடித்திருந்தால் அந்தப் பெயரோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். மாறனால் முடியவில்லை.

"காப்பாத்தல அப்ரார். போல்ட் நீளம் பத்துமான்னு பாக்காம மாட்டிவிட்டதே நாந்தான்."

அப்ராரின் பிடி தளர்ந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

ஜன்னத்துல் பிர்தௌஸ் மாறனைப் பார்க்கவே இல்லை. தோளில் தூங்கும் நான்கு வயது மகளை இறுக்கியபடி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரைக்கால் தாண்டுறப்ப வெயிலு அந்தப் பக்கம் அடிச்சுது. நாந்தான் புள்ளய இந்தப் பக்கம் மாத்தி உக்கார வச்சேன். இந்தச் சக்கரத்து மேலயே உக்கார வச்சிருக்கேன். நான்தாங்க வச்சேன்."

"இல்லம்மா, நீ இல்ல!" என்று மாறன் கத்தினான். "நான்! நாந்தாம்மா!"

அவள் காதில் அது விழவில்லை. "நான்தாங்க வச்சேன்" என்று திரும்பத் திரும்பத் தன் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.