அம்மா ஏறிப் பார்த்த படகு

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் மோட்டார்ப் படகு வாங்குவது என்று முடிவாயிற்று. அதுவரை எங்களிடம் இருந்தது பரிசல்தான். மேட்டூர் அணைத் தண்ணீரில் மீன் பிடித்த எல்லோரிடமும் அப்போது அதுதான் இருந்தது. மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்திய பெரிய வட்டக்கூடை. துடுப்புப் போடுகிறவன் ஒரு பக்கம் போக நினைத்தால், அது காற்று சொன்ன பக்கம் போகும்.

அப்பாவுக்கும் மீனுக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் சூரமங்கலத்தில் ரயில்வேயில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார். ஞாயிறு பூசைக்கு எங்களோடு மாதா கோயிலுக்கு வந்துவிட்டுத் திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மீன்பிடித் தொழில் அம்மா வீட்டாருடையது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். வலை போடுவது, எடுப்பது, முங்குவது எல்லாம் அவர்தான்.

முங்குவது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் சுவர்களும் புளியமரங்களும் அடியில் அப்படியே நின்றன. வலை அவற்றில் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து இழுத்தால் கிழியும். ஒரு ஆள் மூச்சடக்கி உள்ளே போய்க் கையால் எடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மாமாவோடு நானும் போவேன். அவர் முங்கியிருக்கும் நேரத்தில் பரிசல் நகராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதைப் பெரிய உத்தியோகமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் ஒரு நாள் வலை மோசமாக மாட்டிக்கொண்டது. மாமா மூன்று தடவை முங்கினார். மூன்றாவது தடவை மேலே வந்தவருக்குப் பரிசலில் ஏறத் தெம்பில்லை. விளிம்பைப் பிடித்தார், பரிசல் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் கையைக் கொடுத்தேன். அவர் பிடித்தார். நான் தண்ணீர்ப் பக்கம் வழுக்கிப் போனேன். உடனே அவர் என் கையை விட்டுவிட்டார். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் பரிசலைத் தள்ளிக்கொண்டு வரும்வரை மாமா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

இதை அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மாமா வாயைத் திறந்து மூடியதைக் கெளுத்தி மீன் போல நடித்தும் காட்டினேன். மாமா சிரித்தார். அன்று சனிக்கிழமையாதலால் அப்பாவும் இருந்தார், அவரும் சிரித்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஏனுங்க, அந்த மோட்டார்ப் படகு சமாச்சாரம் சொல்லிட்டிருந்தீங்களே, அதப் பாருங்க” என்றாள்.

இரண்டு வருஷமாக அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவோ காதில் போட்டுக்கொண்டதேயில்லை. ஆகவே தன் வாதம் வென்றுவிட்டது என்று அப்பா நினைத்தார். அடுத்த சனிக்கிழமை யாரிடமோ இரவல் வாங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு வந்தார். அதில் படகுகளின் படம் இருந்தது. குதிரைசக்தி, பெட்ரோல், தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடி என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “மேல ஏறுறது எப்படின்னு அதுல போட்டிருக்குதுங்களா?” என்றாள். அப்பா பக்கங்களைப் புரட்டினார். போடவில்லை.

முதலில் பார்த்த படகு ஏற்காட்டுக் காப்பித் தோட்ட முதலாளி ஒருவருடையது. பொழுதுபோக்குக்காக வாங்கி, சலித்துப்போய், விற்கக் கொடுத்திருந்தார். வெள்ளை உடம்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு, பின்னால் தொங்குகிற மோட்டார். அவருடைய டிரைவர் காக்கிச் சட்டையோடு எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. என் ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் என் வகுப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். நான் அவளுக்குக் கையாட்டினேன். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை.

அப்பா மோட்டாரில் காதை வைத்துக் கேட்டு, “சத்தம் சுத்தமா இருக்குது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அம்மா டிரைவரிடம், “ஆழத்துல கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினார். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டாள்.

டிரைவர் ஐயோ என்று கத்தினார். அம்மா ஒரு முழுக்குப் போட்டு எழுந்து படகின் ஓரத்தைப் பிடித்தாள். ஓரம் உயரம், வழவழவென்று பெயிண்ட். கை வழுக்கியது. மறுபடி எக்கினாள், மறுபடி வழுக்கியது. மாமா குனிந்து கையை நீட்டினார்.

“கைய எடுறா” என்றாள் அம்மா.

மூன்றாவது தடவை முழங்கை வரை மேலே வந்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்து, நான் இருந்த இடத்திலிருந்து உருண்டு அப்பா மேல் விழுந்தேன். அம்மா பிடியை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்திப் போய்விட்டாள். துவைக்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வகுப்புப் பெண் பொத்தாமலே சிரித்தாள்.

“இது ஆவாதுங்க” என்றாள் அம்மா, சேலையைப் பிழிந்துகொண்டே.

“ஏணி ஒண்ணு மாட்டிக்கலாம் புள்ள” என்றார் அப்பா.

“மூச்சுமுட்டி வாரவன் ஏணி எங்கிருக்குதுன்னு தேடிட்டிருப்பானுங்களா?”

“எனக்குக் கை நீளம், நான் ஏறிக்குவனுக்கா” என்றார் மாமா.

“இன்னைக்கு ஏறுவே” என்றாள் அம்மா.

நான் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கொஞ்ச காலத்துக்கு எனக்கு முங்குகிறவள் மகள் என்று பெயர்.

இரண்டாவது படகு கோட்டையூர்த் துறையில் கிடைத்தது. அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஓடக்காரர் பெரிய படகு வாங்கியதால் சின்னதை விற்றார். தார் பூசிய கறுப்புப் பலகை, தட்டையான அடி, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை நடுவில் வைத்துக் கட்டியிருந்தார்கள். கிளப்பினால் மாவு மில் பக்கத்தில் நிற்பது போலிருக்கும். புகை முகத்தில் அடித்தது. எங்களைத் தாண்டி ஒரு நாரை நிதானமாகப் பறந்து போனது. அப்பா புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுக்கவேயில்லை.

ஆழத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லி அம்மா மறுபடியும் குதித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் தாழ்ந்திருந்த ஓரத்தில் வயிற்றை வைத்து உருண்டு உள்ளே விழுந்து கிடந்தாள். படகு அசைந்ததோடு சரி, சாயவில்லை.

ஓடக்காரர் சிரிக்கவில்லை. “ஏறிட்டீங்க அம்மிணி. இன்னொருக்கா கண்ண மூடிட்டு ஏறிப் பாருங்க. மேல வாரவனுக்குக் கண்ணு தெரியாது” என்றார்.

அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். அந்தப் படகையே வாங்கினோம். அப்பா இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாவது வாரம் எஞ்சினைக் கழற்றிப் பரப்பி உட்கார்ந்துவிட்டார். அதோடு அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் சனி, ஞாயிறுகளில் நான் மாமாவோடு போனேன். திரும்பி வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “மாமன் தானா ஏறுனானா?” எத்தனை மீன் என்றோ, வெயில் எப்படி என்றோ கேட்க மாட்டாள். ஆமாம் என்பேன். அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். படகில் நான் எதற்கு இருக்கிறேன் என்றே யாரும் நினைக்காதது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் அப்படிக் கேட்டபோது, “இல்ல, நாந்தான் கையப் புடிச்சுத் தூக்கிவுட்டேன்” என்று சொன்னேன்.

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெட்டிக்காரி என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வெளியே போனாள். படகுப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது: “அவ தொடவேயில்லக்கா. சும்மா சொல்றா.”

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அப்பாவைக் கொண்டு படகின் ஓரத்தில் கால் வைத்து ஏறக் கயிற்று வளையம் ஒன்று கட்டச் செய்தாள். அடுத்த சனிக்கிழமை என்னை வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளே மாமாவோடு போனாள். அதற்குப் பிறகு முங்குகிற நாளில் என்னைக் கூட்டிப்போகவேயில்லை. பொய்க்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் ஒப்புக்கொண்டேன். அப்படியாவது மறுபடி சேர்த்துக்கொள்வாள் என்று நம்பிக்கை.

அவள் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “பொய்யின்னு தெரியுங் கண்ணு. ஒரு நாளைக்கு நெசமாவே அப்படி ஆச்சுன்னா?”

“தூக்கிருவேன்” என்றேன். நல்ல பதில் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அம்மாவின் சீப்பு பாதியில் நின்றது. நான் தூக்கப் பார்த்து, முடியாமல் மாமா தண்ணீரோடு போய், அதற்குப் பிறகும் அதைச் சுமந்துகொண்டு நான் இருந்தாக வேண்டிய எத்தனையோ வருஷங்களை அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கோ, முடியில் சிக்கு விழுந்துவிட்டதாகத் தோன்றியது. சீக்கிரம் வாரும்மா என்றேன்.