நாய்க்கடி ஊசிக்குப் பினாங்கு போகிறவர்களுக்கு

சென்ற மழைக்காலத்தில் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் என் தம்பி வீரையாவை ஒரு தெருநாய் கடித்தது. ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன் அவன். வெறிநாயாக இருக்கலாம், பினாங்கு போய் வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் இங்குள்ள ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர். அதற்காகத்தான் போனோம். உல்லாசப் பயணம் என்று யாரும் வயிறெரிய வேண்டாம்.

காலை ஆறரை ரயிலைப் பிடியுங்கள். பிறைத் துறைமுகத்துக்கு ஏழு மைல். அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன். துறைமுகத்தில் ரிக்‌ஷாக்காரர் முப்பது காசு என்பார். "மஹால் லா!" என்று, விலை அதிகம் என்பதை மலாயில் சொல்லி, முகத்தைச் சுளித்துவிட்டு நடந்தால் பின்னாலேயே வந்து பாதிக்கு ஏற்றிக்கொள்வார். ஆயர் ஈத்தாமில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் டிராமில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் டிராம் படியில் ஏறும்போது வீரையா தடுக்கினான். "கால் மரத்த மாதிரி இருக்குக்கா" என்றான். வெறி ஏறிவிட்டால் தண்ணீரைக் கண்டு பயப்படுவார்கள் அல்லவா, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பரிசோதனை அது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த ஒருவர் ஓடிப்போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். தம்பி மடமடவென்று குடித்தான். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், நானும்தான். ஆஸ்பத்திரியிலும் அதே கூத்து. கால் மரத்துப்போகிறது என்று சொன்னதற்கு ஊசி போடும் டிரஸர் ஒரு தகரக் குவளையை நீட்டினார்.

"தண்ணி குடிக்கிறான் லா அக்கா, நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி அன்றைய ஊசியையும் ஏற்றினார். அவன் காலை ஒருத்தர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வீரையாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. தூக்கிக்கொண்டுதான் போனோம். பெரிய டாக்டர் வந்தார், நம்மவர்தான். முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலில் குத்தினார், இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என் தம்பி என்ன, கண்காட்சிப் பொருளா?

"இது நாயால வந்ததில்லம்மா, ஊசியால வந்தது" என்றார். "ஆட்டு மூளையில செஞ்ச மருந்து. சில பேருக்கு நரம்பு வீங்கிடுது. உடம்பே தன் நரம்பைத் தாக்குதோன்னு ஆராய்ச்சி பண்றோம். வேற ஊர்லயும் இப்படி ஆகியிருக்கு."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அபூர்வமாத்தான் வரும். சொன்னா பயந்து ஊசிக்கே வரமாட்டாங்க. வெறி வந்து செத்துடுவாங்க."

"கால் மரத்தப்பவே ஊசியை நிறுத்தியிருந்தா?"

"இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊசி போடுங்க, வேணாங்கல. கால் மரத்தா உடனே சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்து என்ன பயன்?

தம்பியை அங்கேயே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஊசி வரிசைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த ஒரு வார்த்தையை நானே சொன்னேன். டிரஸர் விரட்டினார். வாசலுக்குப் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெறிநாய் கடித்தால் ஊசியை விடாதீர்கள். வெறி வந்தால் பிழைக்கவே முடியாது. ஆனால் தினமும் ஊசிக்கு முன்னால் எழுந்து நின்று நடந்து பாருங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ, டாக்டரே வந்து பார்க்கும்வரை சட்டையைத் தூக்காதீர்கள். டிரஸர் திட்டினால் திட்டட்டும்.

நான் வாசலில் நின்ற நான்காம் நாள், வரிசையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர், "பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்குங்க, ஊசி வேணாம், டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சத்தம் போட்டார். டாக்டர் ஓடிவந்து ஊசியை நிறுத்தினார். சில நாள் கழித்து அந்த மனிதர் தன் காலாலேயே நடந்து வெளியே போனார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த என் தம்பி அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "எனக்கு யாருமே சொல்லலையேக்கா" என்றான்.